நீலக்கல் மூக்குத்தி

அந்த நீலக்கல் மூக்குத்தி ஒரு மாத்திரை டப்பாவில், பஞ்சுக்கு நடுவே, இன்னும் என்னிடம் இருக்கிறது. திருகாணியின் மரையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கல் மட்டும் வாங்கிய அன்று போலவே மின்னுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவின் மேல் எனக்குக் கோபம் வரும். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வைத்திக்குப்பத்தில் எங்கள் சொந்தத்தில் பிரெஞ்சு படித்த ஒரே ஆள். தாத்தாவைக் கடல் கொண்டுபோன பிறகு, அம்மாதான் வெயிலில் மீன்கூடை சுமந்து அவரைப் படிக்கவைத்தாள். மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி ஆபீசில் அவருக்கு எழுத்தர் வேலை கிடைத்ததும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குப்பத்துக்கு எந்தக் காகிதம் வந்தாலும், "என் தம்பி படிச்சுச் சொல்லட்டும்" என்பாள். அவர் படித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

எங்கள் ஊரில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து கொடி இறங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பத்து வயது. அம்மாவின் வலது மூக்கில், மூக்குத்திக்குப் பக்கத்தில், மிளகளவுக்கு ஒரு பரு இருந்தது. கறுப்பு, ஆனால் மெழுகு தடவியது போல் ஒரு மினுக்கம். வலி கிடையாது. முகம் கழுவும்போது பக்கு உரிந்து ஒரு துளி இரத்தம் வரும். நாலு நாளில் ஆறியது போலிருக்கும், மறுபடியும் பக்கு கட்டும். மூக்குத்திப் புண் என்று எல்லாரும் சொன்னார்கள். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு அம்மா வேலையைப் பார்த்தாள்.

அவள் வாடிக்கையாக மீன் கொடுத்த வீடுகளில் ஒன்று ஒரு வெள்ளைக்கார டாக்டருடையது. ஊருக்குக் கப்பலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், அம்மாவின் மூக்கைப் பார்த்துவிட்டு அவளை முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்தார். தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிரெஞ்சு தெரிந்தவரை அழைத்துவரச் சொன்னார். மறுநாள் மாமாவோடு நாங்கள் போனோம். டாக்டர் மாமாவிடம் நிறையப் பேசினார். தன் மூக்கைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். பிறகு ஒரு கடிதம் எழுதி அம்மாவின் கையில் கொடுத்தார். வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. பழைய மூக்குத்தில செம்பு ஜாஸ்தி, ஒடம்புக்குச் சேரலயாம். மாத்திடச் சொல்றாரு. அவ்ளோதான்."

அந்த வாரமே நீலக்கல் மூக்குத்தி வந்தது. மாமாவே அம்மாவுக்குப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். புது மூக்குத்தியோடு அம்மா பந்தலெங்கும் சிரித்த முகமாக ஓடினாள். டாக்டரின் கடிதத்தைப் பட்டுப்புடவை மடிப்பில் பத்திரப்படுத்தினாள். பெரியவர்கள் கொடுத்த காகிதத்தை அவள் எறியமாட்டாள்.

மூன்று வருடத்தில் பரு நடுவே குழிந்தது. ஓரம் பாசிமணி கோத்தது போல் தடித்துப் புரண்டது. வாடிக்கைக்காரர்கள் வேறு கூடைக்கு நகர்ந்தார்கள். பெருநோய் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். மாமா வீட்டில் அவர் மனைவி அம்மாவுக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்தாள். அது தொற்றாது என்று தெரிந்த ஒரே மனிதரான மாமா பக்கத்தில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். இதைத்தான் என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குள் நான் பள்ளியில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியிருந்தேன். ஒருநாள் புடவைகளுக்கு வெயில் காட்டும்போது கடிதம் கீழே விழுந்தது. நோயின் பெயர் எனக்குப் புரியவில்லை. ஆனால் 'தாமதமின்றி அறுத்து எடுக்கவும்' என்ற வரி புரிந்தது. அதன் கீழே கோடு வேறு போட்டிருந்தது. மூக்குத்தியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அன்றே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். அறுவை டாக்டர் கடிதத்தின் தேதியைப் பார்த்தார். "இவ்ளோ நாளா எங்கம்மா இருந்தீங்க?" என்றார். தோலில் வரும் புற்று இது. இந்த வகை உடம்பின் மற்ற இடங்களுக்கு அநேகமாகப் பரவாது, இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு போகும், வருடக்கணக்கில் வெயிலில் நிற்கிறவர்களுக்கு வரக்கூடியதுதான் என்று பொறுமையாக விளக்கினார். அன்றைக்கே வந்திருந்தால் ஒரு சின்னத் தையல் தழும்போடு போயிருக்கும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து அறுத்து, புட்டியிலிட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். கன்னத்துத் தோலைத் திருப்பி மூடித் தைத்தார்கள். ஓரத்தில் நோய் மிச்சமில்லை என்று சோதனையில் தெரிந்தது. அம்மா பிழைத்தாள். மூக்கின் வலது பக்கம் பாதி போனது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமாவின் முன்னால் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"பொண்ணு வூட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு பயந்துட்டேன். முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"அந்த டம்ளர எடுத்து வெச்சப்பகூடவா தெரியல மாமா?" என்று கேட்டேன். அதன் பிறகு நான் அவரோடு பேசியதே இல்லை.

ஆனால் அம்மா பேசினாள். முந்தானையால் முகத்தை ஓரமாக மறைத்துக்கொண்டு, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் வீட்டுக்குப் போய்வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெகுகாலம் கழித்து ஒருநாள், இந்த மூக்குத்தியை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய், கடலில் வீசு என்று கத்தினேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத போட்டுவுட்டப்ப அவன் எம் மூஞ்சியப் பாக்கல. கை வேற சில்லுனு இருந்துச்சி. அப்பவே என்னமோ இருக்குன்னு தோணிச்சிடி."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவானேன்னுதான் கேக்கல."

அவள் மூக்குத்தியைப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போனாள். அவள் இறந்த பிறகும் நான் அதை வைத்திருக்கிறேன். இன்றும் யார் முகத்திலாவது ஆறாத புண்ணைக் கண்டால், தெரியாதவர் ஆனாலும் நிறுத்தி, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறக்கும்போது மாமாவைத் திட்டத்தான் வாய் வருகிறது. ஆனால் பத்து வயதில் நானும் அந்த டாக்டர் வீட்டு முற்றத்தில்தான் நின்றேன். டாக்டர் பேசப் பேச மாமாவின் முகம் வெளிறியதை நானும் பார்த்தேன். நானும் கேட்கவில்லை.