நாவல் மரத்துக்குச் சொன்னது

ஒரகடத்தில் கம்பெனி மதிலோரம் ஞாயிறுதோறும் நாட்டு மரக்கன்றுகள் நடுகிறோம். இன்று நாவல் கன்றுக்கு வெட்டிய குழியின் முன் எங்கள் குழுவில் ஒரு பெண் கற்பூரம் ஏற்றினாள். அந்த வாசனை என்னை வடக்குப்பட்டில் இருந்த எங்கள் நிலத்துக்கு இழுத்துப் போனது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. நிலம் கைமாறிவிட்டது, மறுநாள் எங்கள் நாவல் மரத்தை வெட்டப்போகிறார்கள். அப்பா அடிமரத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் ஏற்றி, மரத்தில் குடியிருக்கும் பறவை, பேய், தெய்வம் எல்லாவற்றுக்குமாகக் கிளைகளைப் பார்த்துச் சொன்னார்: “இதுல கீறவங்கல்லாம் போய்டுங்க. நாளைக்கு வெட்டப் போறாங்க.”

காலடியில் பழங்கள் ஊதாவாய் நசுங்கிக் கிடந்தன. “எங்க போவாங்கப்பா?” என்றேன். அப்பா செருப்பைத் தேடினார்.

“அண்ணே, கன்னுகிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க” என்றாள் கற்பூரம் ஏற்றிய பெண். குழிக்கும் மதிலுக்கும் நடுவில், சாலை இதுவரை அகலமாகும் என்று அளந்து நட்ட கல் சிவப்பாகத் தெரிந்தது. அப்பா சொன்ன வார்த்தைகள்தான் வாய்வரை வந்தன.