பாடகருக்குப் பதிலாக எழுதியவள்

பாடகர் சாப்பிட்டாரா என்று தினமும் ஊர்ப்பட்ட பேர் கேட்பார்கள். "சாப்பிட்டேன் கண்ணு, நீ சாப்பிட்டியா?" என்று பதில் போகும். அந்தக் 'கண்ணு'வைத் தட்டுகிற கை பாடகருடையது இல்லை. மூன்றாவது மாடியில், ஏசி ஒழுகுகிற அறையில், ஒழுகலுக்கு ஒரு வாளியை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற நடுத்தர வயதுப் பெண்ணின் கை அது. அலுவலகத்தில் அவள் பேர் பதில்காரி. வீட்டிலும் உறவிலும் ஏதோ பாட்டுக் கம்பெனியில் தட்டச்சு வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

முன்பு இசைத்தட்டுக் கடையில் விற்பனைக்கு நின்றவள்தான். அங்கே மட்டும் தர்மம் தழைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஓடாத தட்டை ஓடுகிற தட்டோடு சேர்த்து வருகிறவர் தலையில் கட்டுவதில் அவள் கெட்டிக்காரி. பிறகு பாட்டெல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது, கடையை மூடிவிட்டார்கள். பாட்டை விலை கொடுத்து வாங்க ஆளில்லை என்றானதும் பாடகர்கள் தங்களையே விற்கத் தொடங்கினார்கள். மாதச் சந்தா கட்டினால் பாடகரோடு நேரடியாகப் பேசலாம். "நடுவில் யாரும் இல்லை, நீங்களும் நானும்தான்" என்று விளம்பரம். நடுவில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு பேரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டுமே! அதற்காகப் பாடகரின் அன்றைய நிலவரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுவார்கள். தொண்டை கட்டியிருக்கிறது, நாய்க்கு ஊசி போட்டாயிற்று, மனசு கொஞ்சம் சரியில்லை. கேட்டவுடனே பதில் போடக்கூடாது. "காய விடுங்கம்மா, காஞ்சவங்கதான் ஓட மாட்டாங்க" என்பார் மேலாளர். அவர் வாயில் எப்போதும் தித்திப்புதான், அதனால் சர்க்கரை என்று பேர். யாராவது நோய் என்றோ, சாவு என்றோ, புருஷன் அடிக்கிறான் என்றோ எழுதினால் மூன்றுக்கும் ஒரே வரிதான் போக வேண்டும்: "உங்கள் வலியில் என் பாட்டு துணையிருக்கும்." அதைத் தாண்டி ஒரு எழுத்து போனாலும் சீட்டு கிழியும்.

ஒருமுறை பாடகரே வந்தார். திரையில் ஓடுகிற செய்திகளை எட்டிப் பார்த்து, "இவ்வளவு பேரா? இதுங்களுக்கெல்லாம் வேற வேலை வெட்டி இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். சர்க்கரையும் சிரித்தார்.  பதில்காரி அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் வேலைக்கு வந்தாளா என்றால் வந்தாள். படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு ரோஷத்தை உலையில் போட்டு வடிக்க முடியுமா?

அவள் பங்குக்கு வந்த ரசிகைகளில் 'ஜன்னல் குருவி' என்று ஒருத்தி. சொந்தப் பேரை யார் போடுகிறார்கள் அங்கே! புருஷன் போய்ச் சேர்ந்தது, பிள்ளை வெளிநாட்டில் இருப்பது, வாசல் விளக்கு எரியாதது, எல்லாம் எழுதுவாள். ஒருநாள் எழுதினாள்: "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. வருவா, நின்னுட்டே பேசுவா, வீடு ஏன் இப்படிக் கிடக்குன்னு திட்டுவா, போயிடுவா." படித்ததும் பதில்காரிக்கு அந்தத் தங்கச்சி மேல் எரிச்சல்தான் வந்தது. 'சரியான ராங்கிக்காரி' என்று நினைத்துக்கொண்டு, "சில பேரு அப்படித்தான் கண்ணு, மன்னிச்சு விட்டுடு" என்று பெரிய மனசோடு தட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு படம் வந்தது. ஜன்னல், அதில் ஓரம் கோணிப்போன நீலத் திரை. அந்தத் திரையைத் தைத்துக் கொடுத்தவள் பதில்காரி. கோணல் அவளுடைய கோணல். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "மார்புல ஒரு கட்டி. நாலு மாசமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

சாயங்காலமே அக்கா வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்கு நிற்கவில்லை, உட்கார்ந்தாள். வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா அக்கா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"சும்மா ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோமா?"

"சும்மா போயிட்டு வர அது என்ன கடைத்தெருவா? நீ முதல்ல உன் மூஞ்சியப் பாரு, காஞ்சு கிடக்கு" என்றாள் அக்கா.

உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாமே என்பீர்கள். உடைத்தால்? மாமா போனதிலிருந்து அக்கா அந்தக் 'கண்ணு'வைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறாள். அதுவும் தங்கைதான் என்று தெரிந்தால், அந்த வெட்கத்திலேயே கதவைச் சாத்திக்கொள்வாள். கட்டியும் உள்ளேயே இருக்கும். தங்கை சொன்னால் அசையாதவளை அசைக்க அந்தப் பாடகர் ஒருத்தரால்தான் முடியும். அந்த ஆளுக்கோ அக்கா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது அவளுக்கு. ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமே.

மறுநாள் காலையில் கம்பெனியின் அந்த ஒரே வரியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினாள்: "நாளைக்கே டாக்டரைப் பாரு கண்ணு. எனக்காக." டிக்கெட் விற்கவும் சந்தாவைப் புதுப்பிக்கவும் அந்த 'எனக்காக'வை அவள் ஆயிரம் பேருக்கு அள்ளி வீசியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அனுப்புவதற்கு முன் அதை மூன்று தடவை படித்துப் பார்த்தாள்.

அக்கா போனாள், தனியாகவே போனாள். சோதித்துப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் தங்கைக்குப் போன் வந்தது.

"கையெழுத்துப் போட சொந்தக்காரங்க வேணுமாம். வர்றியா?"

"வர்றேன்க்கா."

"வந்து திட்டக் கூடாது."

இதற்கிடையில் அக்கா, தன்னை மருத்துவமனைக்கு அனுப்பிய மகராசன் என்று பாடகரைப் பற்றி ஊரறிய எழுதிவிட்டாள். பாடகர் அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, கண் கலங்கிய படம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். லட்சம் பேர் உருகினார்கள். சீட்டு கிழியப்போகிறது என்று பதில்காரி காத்திருந்தாள். சர்க்கரை நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரமாதம்மா. இதையே ஒரு திட்டமா ஆக்கிடலாம். நோயாளிங்களுக்குன்னு தனிச் சந்தா. அந்த அம்மாவ விட்டுடாதீங்க, ஆபரேஷன் வரைக்கும் தினமும் சூடா வச்சுக்கணும்."

வாளித் தண்ணீரை அந்த ஆள் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. "சரி சார்" என்றாள். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவனைப் பார்த்து வந்த அருவருப்பைவிட, அந்த 'சரி சார்' மேல் வந்த அருவருப்புதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. லீவு கேட்டபோது, "போங்கம்மா, ஆனா பதில் நிக்கக் கூடாது" என்று கம்பெனிக் கைப்பேசியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அறுவை சிகிச்சை முடிந்து அக்கா கண் விழித்தாள். தண்ணீர் கேட்கவில்லை, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையைக் கேட்கவில்லை.

"என் போனைக் கொடு. நீ கொஞ்சம் வெளிய இரு, ஒருத்தர்கிட்ட பேசணும்."

பதில்காரி வெளியே வந்து, மருந்து வாடை அடிக்கிற நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றாள். கம்பெனிக் கைப்பேசி அதிர்ந்தது.

"முடிஞ்சிடுச்சு. முழிச்சதும் உங்களுக்குத்தான் சொல்றேன். ரொம்பப் பயமா இருக்கு. தங்கச்சி வந்திருக்கா. அவ கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. எதுக்கு அழுதாளோ, தெரியல."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இவள் தட்டினாள்: "அவளை உள்ள கூப்பிடு கண்ணு. உன் கையைப் பிடிச்சுக்கச் சொல்லு."

அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் திணித்தாள். உள்ளேயிருந்து மெலிந்த குரல் கூப்பிட்டது.

"ஏய், உள்ள வா. வந்து என் கையைப் பிடிச்சுக்கோ."

போய்ப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்த கை, கொஞ்ச நேரத்தில் தானும் இறுக்கிப் பிடித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"அவர்தான் சொன்னாரு. எங்கேயோ இருக்கிற மனுஷன், எனக்கு என்ன வேணும்னு எப்படித்தான் தெரியுதோ. கூடப் பொறந்ததுங்களுக்கு இதெல்லாம் தோணுதா பாரு."

"தோணலக்கா" என்றாள் பதில்காரி.