வண்டி வாசலில் நிற்கிறது

எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்டவர்கள்தான் அதிகம். ஜலகண்டாபுரத்தில் காதுகுத்து, கல்யாணம், சீர் என்று எந்த விசேஷமானாலும் மாமாவின் மைக்செட்தான். மாமா என்றால் அப்பாவுடைய அக்காவின் வீட்டுக்காரர். விடிந்ததும் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். முதலில் சாமி பாட்டு, அப்புறம் சினிமாப் பாட்டு, பந்தி முடிந்து ஜனங்கள் வெற்றிலை போடுகிற நேரத்தில் கதைவசனம். ஒரு படத்தின் பேச்சு முழுவதையும் பதிந்து விற்ற கேசட்டுக்கு அப்படிப் பெயர். மாமாவிடம் அது மாதிரி ஏழெட்டுப் படங்கள் இருந்தன. ஜனங்கள் கேட்டது ஒன்றைத்தான். அதனால் படத்தின் பெயரே மறந்துபோய், கதைவசனம் என்றால் அந்தப் படம் என்றாகிவிட்டது.

கருப்பு வெள்ளைக் காலத்துப் படம். ஆலை முதலாளி ஒருவன், விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் குழம்பில் உப்பில்லை என்று தட்டை விட்டெறிவான். மனைவி ஒன்றும் பேசாமல் சிதறிய சோற்றை வாரித் துடைத்துவிட்டு, மறுநாள் காலையில் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அப்புறம் அவன் படுகிற பாடு, நடுவில் ஒரு சமையல்காரனின் கோமாளித்தனம், ஒரு மழை. கடைசியில் மோட்டார் காரில் மாமியார் வீட்டு வாசலுக்கு வந்து சொல்வான்: "நடந்தது நடந்துவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது. புறப்படு." உடனே 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு வயலின். சுபம்.

அந்த 'டப்' கார்க்கதவு சாத்துகிற சத்தம் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பேச்சோடு பேச்சாக அதுவும் புழங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று நான் அழுதால் அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "வண்டி வாசலில் நிற்கிறது, புறப்படு, டப்" என்பார். தறிக்குடோனில் ஷிப்ட் முடிந்து போகிற ஆள் அடுத்த ஆளிடம் சொல்வதும் இதுதான். பெண் அழைக்க வந்தவர்கள்கூட டப் சொல்லிவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

சிரிக்காதவள் அத்தை ஒருத்திதான். சின்ன வயதில் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தவள் அவள். "புறப்படுங்கறதோட முடியலெ. அதுக்கு அவ ஒண்ணு கேப்பா. அதுக்கு அவன் ஒரு பதிலு சொல்லுவான். அப்பறந்தான் வயலினு" என்பாள். என்ன கேட்பாள் என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாள்.

"அக்கா, ஊரே காதுல கேட்டுட்டு இருக்குது. நீ இல்லாதத சொல்லிட்டுத் திரியற" என்பார் அப்பா. அதே கொட்டகைக்கு அவரும்தான் போயிருக்கிறார், அத்தையின் மடியில். இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டாராம். அதை அத்தை சொல்லிக்காட்டினால், தூக்கத்திலும் தன் காது விழித்திருக்கும் என்று விடாப்பிடியாகப் பேசுவார். எங்கள் அப்பாவோடு வாயாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

டிவியில் ஒரு தடவை அந்தப் படத்தைப் போட்டார்கள். தெருவே எங்கள் வீட்டில் கூடியது. மழைக் காட்சி முடிந்து கார் கிளம்புகிற இடத்தில் கரண்ட் போனது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதற்கு நேரங்காலம் கிடையாது. அத்தை இருட்டில் உட்கார்ந்து, டிவி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது எனக்கு.

நான் அஞ்சாவது படித்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு அந்தப் படத்தை நாடகமாகப் போடுகிறதாம். சேலத்தில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினார். ஒரு வேன் பேசி, அதுவும் பத்தாமல் இன்னொரு வேன் பேசினார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. மேடையில் மழை எப்படிப் பெய்யும், நிஜத் தட்டை எறிவார்களா தகரத் தட்டா, புறப்படு என்பதற்கு முன்னால் விடுகிற மூச்சை அந்த நடிகன் சரியாக விடுவானா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. அம்மாவுக்கு என்ன சேலை கட்டுவது என்பது கவலை. எனக்குக் கார்தான் கவலை. காரை எப்படி மேடை ஏற்றுவார்கள்?

"பலகை போட்டு ஏத்துவாங்க சாமி. லாரிக்கு பேரலு ஏத்தறதில்லையா, அந்த மாதிரி" என்றார் அப்பா. எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அத்தை எல்லோரையும்விட ஒரு படி மேலே போனாள். பீரோவிலிருந்து பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து, ஒரு வாரம் முன்பே இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கவிட்டாள். "அந்த ஒரு வார்த்தைய இவுங்க அத்தன பேரும் காதுல கேக்கோணும். நாம் பொய் சொல்றவ இல்லீன்னு தெரியோணும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அது காதில் விழுந்து அப்பா சபதம் போட்டார். அப்படி ஒரு கேள்வி வந்தால் தன் மீசையை எடுத்துவிடுவதாக. அப்பாவின் மீசை சாதாரண மீசை இல்லை. தெருவுக்கு நாடகத்தின் மேலிருந்த ஆசை இப்போது இரண்டு மடங்காகிவிட்டது.

சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய ஆள் மாமாதான். அந்தப் படத்தை ஊருக்கே வாயில் ஊட்டியவர் அவர். ஆனால் நாடகம் என்றதும், அன்றைக்குத் தனக்கு ஆர்டர் இருக்கிறது என்றார்.

"அன்னிக்கு ஒரு ஆர்டரும் இல்லீங்க. நாங் கேட்டுட்டேன்" என்றாள் அத்தை.

"ஆம்ப்ளிபயரு ரிப்பேருக்குக் குடுக்கோணும்."

"ஞாயித்துக்கெழம கடை இருக்காதுங்க. நீங்க வரோணும்."

அவ்வளவுதான், வருவதாக ஒத்துக்கொண்டார். தொழில்காரருக்குப் போட்டித் தொழில்காரனின் மைக்கைக் கேட்கப் பிடிக்காது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் முதல் ஏமாற்றம் எனக்குத்தான். கார் வரவில்லை. திரைக்குப் பின்னால் ஹாரன் சத்தம் மட்டும் வந்தது, அதைக் கார் என்று நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டுமாம். மற்றபடி நாடகம் நன்றாகத்தான் போனது. எங்கள் வரிசைகளில் எல்லோரும் வசனத்தை நடிகர்களுக்கு ஒரு நொடி முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைச் சேலத்துக்காரர் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கடைசிக் காட்சி. மாமியார் வீட்டு வாசல். ஹாரன் அடித்ததும் மாமா எழுந்தார். "மைக்கு கீச்சுங்குது. போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றார். எனக்கு ஒரு கீச்சும் கேட்கவில்லை. அத்தை அவர் சட்டை நுனியைப் பிடித்து, "உக்காருங்க" என்றாள், மெதுவாகத்தான். மாமா உட்கார்ந்தார்.

மேடையில் அவன் சொன்னான், எங்கள் ரெண்டு வேன் ஜனமும் கூடவே சொன்னது: "நடந்தது நடந்துவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது. புறப்படு."

எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் "டப்" என்றார்கள். வயலின் வரவில்லை. அந்தப் பெண் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"வண்டி வந்திருக்கிறது, தெரிகிறது. நீங்கள் வந்திருக்கிறீர்களா?"

மேடையில் யாரும் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு, "வந்திருக்கிறேன்" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். அப்போதுதான் வயலின்.

மண்டபம் கைதட்டியது. எங்கள் வரிசைகளில் முணுமுணுப்பு. அப்பா எழுந்தே விட்டார். "இது படத்துல இல்லீங்க. இவுங்களா சேத்துட்டாங்க. கதவு சாத்தற சத்தத்தையும் உட்டுட்டாங்க" என்றார்.

முன்வரிசைக்காரர் பொறுக்க மாட்டாமல் திரும்பினார். "இருக்குதுங்க. நான் படம் பாத்திருக்கேன்."

"நீங்க பாத்துருக்கறீங்க. நாங்க கேட்டுருக்கறோம்" என்றார் அப்பா.

அத்தை இந்தச் சண்டையைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவள் மேடையையும் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ரூபாய் டிக்கெட் எடுத்துவிட்டு இரண்டு பேரும் கடைசிக் காட்சியைப் பார்க்காமல் விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

திரும்பும்போது வேனில் ஒரே கச்சேரி. நல்ல படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் தீர்ப்பு. நாடகத்துக்காரன் சேர்த்தது சபதத்தில் வராது என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "என்னக்கா, நீ சொன்ன மாதிரியே அவனும் நெனச்சுருக்கறாம் பாரு" என்று அத்தையிடம் வேறு சொன்னார்.

"ஆமா, சேத்துட்டாங்க" என்றாள் அத்தை. இத்தனை வருஷம் சண்டை போட்டவள் இப்படி ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவள் கட்சியில் இருந்தவள். கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள் விவகாரத்தை அத்தை என்னிடம் சொன்னது வெகுகாலம் கழித்து. நான் கல்யாணமாகி, ஒரு நாள் பையும் கையுமாகத் தாய்வீட்டு வாசலில் வந்து நின்றபோது. மாமா குடிக்கிறவரும் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. ஆனால் கல்யாணமான புதிதில், தன் அண்ணன் தம்பிகள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "உங்கப்பன் ஊட்டுல உனக்குக் கத்துக்குடுத்தது இவ்வளவுதானா" என்று கேட்டிருக்கிறார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து மாமா வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்று, "காரு நிக்குது, கெளம்பு" என்றாராம். அத்தைக்குச் சட்டென்று கொட்டகையில் பார்த்த படம் ஞாபகம் வந்திருக்கிறது. "காரு வந்துருக்குது, தெரியுது. நீங்க வந்துருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மாமா பதில் சொல்லாமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து தாத்தா, "கெளம்பு சாமி, பொழுதாவுது" என்றார். அத்தை கிளம்பிவிட்டாள்.

அப்புறம் மைக்செட் வைத்தபோது மாமா அந்தக் கேசட்டை வாங்கிவந்து வீட்டில் போட்டுப் பார்த்தாராம். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். மறுநாள் கேட்டால் கேள்வியைக் காணோம், பதிலையும் காணோம். வெட்டி ஒட்டிய இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம்தான் இருந்தது. மிஷின் டேப்பைத் தின்றுவிட்டது என்றார். "நானும் சரீன்னுட்டேன். என்ன பண்றது, அவருக்குக் கூச்சம்" என்றாள் அத்தை. ஒரு ஊரே அந்தக் கூச்சத்தைக் கார்க்கதவு என்று நம்பி வளர்ந்திருக்கிறது.

நாடகம் பார்த்த அந்தச் சமயத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து என் தம்பிக்குக் காதுகுத்து. எருமப்பட்டியிலிருந்து அம்மாவின் அண்ணன்மார் சீர் கொண்டுவர வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது. சொன்ன நேரம் தாண்டிவிட்டது. முதல் பந்தியே முடிந்துவிட்டது, அவர்களைக் காணோம். அப்பா வீட்டுக்கும் முச்சந்திக்குமாக நடந்துகொண்டிருந்தார். அம்மா ஆரத்தியைக் கரைத்து வைத்துவிட்டு அழுகிற நிலையில் இருந்தாள். ஜனங்கள் சலித்துக்கொள்ளாமல் இருக்க மாமா கதைவசனத்தைப் போட்டுவிட்டார்.

நான் சமையல்கட்டில் அத்தைக்கு அப்பளம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஊரே சேர்ந்து சொல்கிறது: "வண்டி வாசலில் நிற்கிறது. புறப்படு."

டப் வரவில்லை. குழாய்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. "மைக்செட்டு, என்னாச்சு" என்று யாரோ பந்தலில் கத்தினார்கள். அத்தை கரண்டியை எண்ணெய்க்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றாள். நாடகத்தில் அவன் நின்ற அளவுக்கு நேரம் போயிருக்கும். பிறகு மைக்கைத் தட்டுகிற சத்தம். செருமல். அப்புறம் எல்லாக் குழாயிலும் மாமாவின் சொந்தக் குரல்.

"வந்துருக்கறன்."

காதுகுத்து வீட்டில் 'வந்து' என்று காதில் விழுந்தால் போதும். அப்பா சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்மா ஆரத்தித் தட்டோடு பின்னால் ஓடினாள். மேளக்காரர்கள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த மேளத்துக்கு நடுவில்தான் 'டப்' என்று கேட்டது. பின்னாலேயே வயலின்.

அப்பளம் கருகிக்கொண்டிருந்தது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எண்ணெய் தெறித்துவிட்டது என்று நினைத்தேன்.

"கேட்டயா சாமி?" என்றாள்.

"கேட்டனுங்க அத்தை. வந்துட்டாங்களாமா?"

"வந்தாச்சு" என்றாள் அத்தை.

நான் ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தேன். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். தெருவில் ஒருத்தரும் வரவில்லை.