எங்கட வகுப்புச் சுகன்யா

சுகன்யா மோசம் போயிட்டாள்... இருபத்தேழு வயசு. மூளையில கட்டி.

நேற்று வார்ட்டில நிக்கேக்க அவளின்ர அம்மா ஃபோன் எடுத்துச் சொன்னா.

உங்களில கனபேருக்கு அவளைத் தெரியாது. இங்க சீஜெப், அதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு படிக்கிற ரெண்டு வருஷக் கொலிஜ், முடிச்ச பிள்ளையளில கொஞ்சப்பேரை டிகிரி இல்லாமலே நேரா மெடிசினுக்கு எடுப்பினம். ஒரு வருஷம் சயன்ஸ், அடுத்த வருஷமே மெடிசின். எங்கட செட்டில தமிழ் நாங்கள் ரெண்டுபேர்தான்.

முதல்நாள் பேரைப் பாத்திட்டு, "நீர் எங்க இருக்கிறீர்?" எண்டு கேட்டன். விழுந்து விழுந்து சிரிச்சாள். "நீர்னா எங்க ஊர்ல தண்ணி டி! புவாண்ட்-கிளேர்ல இருக்கேன்."

மெடிசினில மற்ற ஆக்கள் டிகிரி முடிச்சு, வேலை செய்து, சிலபேர் கலியாணமும் கட்டி வந்தவை. எங்களுக்கு இருபது வயசு. அவையள் வீட்டு லோன் கதைப்பினம்... நாங்கள் கடைசி வரிசையில சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பம்.

சீஜெப் ஃபிரண்ட்ஸ் ஒவ்வொருத்தரா மெசேஜ் போடுறதை விட்டிச்சினம். எனக்கு அவள் மட்டும்தான்.

ரெண்டாம் வருஷம் மார்கழியில, பஸ்ஸுக்கு நிக்கேக்க சொன்னாள்: "நான் விடப்போறேன் டி. இது எங்கப்பா ஃபில் பண்ணின ஃபோர்ம்."

"உமக்கென்ன விசரே? இந்த சீட்டுக்கு எத்தினபேர் அழுதுகொண்டு நிக்கினம்!"

என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேயும் எண்டு சொல்லத்தான் நினைச்சன்.

போயிட்டாள். பேந்து கார்டெரி ஒண்டில சின்னப்பிள்ளையளைப் பாக்கிற வேலை. ஒண்டரை வருஷம் நான் கதைக்கேல்லை. கோவம் எண்டில்லை... ஓம், கோவம்தான்.

என்ர முதல் பேஷண்ட், ஒரு வயசான அம்மா, செத்த அண்டைக்கு ஆருக்கு எடுக்கிறதெண்டு தெரியேல்லை. அவளுக்கு எடுத்தன்.

பஸ் பிடிச்சு, மெட்ரோ மாறி வந்தாள். விரலெல்லாம் பச்சைப் பெயின்ட். ஆஸ்பத்திரிக் கன்டீனில பக்கத்தில இருந்துகொண்டு, "அந்தம்மா பேர் என்ன?" எண்டு மட்டும் கேட்டாள்.

பேரைச் சொன்னன். அதுக்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அதுக்குப் பிறகும் நான் எடுத்தது குறைவு. ரெசிடென்சி, டியூட்டி, எக்ஸாம்...

நேற்று அவளின்ர அம்மா சொன்னா: "ஏழு மாசமா ட்ரீட்மென்ட்மா. உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டா. 'அவ டியூட்டில இருப்பா, பாவம்'னு."

அவள் கிடந்த ஆஸ்பத்திரி, நான் வேலை செய்யிற இடத்திலயிருந்து ரெண்டு மெட்ரோ ஸ்டேஷன்.

நாளைக்குப் பதினொரு மணிக்குக் கிரியை. லீவு போட்டிட்டன்.

வாறன், சுகன்யா.