சிரில் கிராணியும் சிலுவை அடையாளமும்

சிரில் கிராணிக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று நரகம், இன்னொன்று துரையின் குதிரை. நரகத்துக்காவது ஞாயிற்றுக்கிழமைப் பூசை, பாவசங்கீர்த்தனம் என்று ஏதோ ஓர் ஏற்பாடு இருந்தது. குதிரைக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

மலேசியாவில், பாடாங் செராய்க்கு அந்தப் பக்கம் மெர்பாத்தி ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணி அவர். அவர் எழுதிய கணக்கில் யாரும் பிழை கண்டதில்லை, அவர் உரக்கப் பேசியும் யாரும் கேட்டதில்லை. எழுபத்து நாலாம் வருஷம், சின்னத் துரையாக இருந்த வெள்ளைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அந்த இடத்துக்கு உள்ளூர் ஆளையே போடலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மெர்பாத்தியில் ஒரு தமிழன் சின்னத் துரையாவது அதுவரை கேள்விப்படாத சங்கதி. சிரிலின் மனைவி ஜெனவீவ் செய்தி வந்த அன்றைக்கே சின்னத் துரை பங்களாவின் எந்த ஜன்னலுக்கு எந்தத் திரைச்சீலை என்பதை முடிவு செய்துவிட்டாள்.

குறுக்கே நின்றவர் பெரிய துரை. அயர்லாந்துக்காரர், நல்ல கத்தோலிக்கர், அதைவிட நல்ல குதிரைப் பைத்தியம். மழை பிடித்தால் மலை டிவிஷனுக்கு மோட்டார் சைக்கிள் போகாது. பாலமெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். குதிரையில் போய்க் கால்வாய்களைத் தாண்டினால்தான் உண்டு. சிரிலை ஆபீசுக்குள் கூப்பிட்டு, தோட்டத்தில் கற்ற தமிழில் விஷயத்தைச் சொன்னார்.

"சிரில், நீ கணக்கு நல்லா பாக்குது. ஆனா கால்வாய் தாண்டாத ஆளு மழையிலே எப்படி மேலே போகும்? ஆகஸ்ட்டுலே திடல்ல குதிரைப் போட்டி வைக்குது. நீ தாண்டு, பங்களா எடுத்துக்கோ. தாண்டலே, வேற ஆளு பாக்குது."

சிரில் "எஸ் சார்" என்றார். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரசரின் மனைவி ரூத், பினாங்கில் பந்தயக் குதிரை பழக்கும் குடும்பத்தில் பிறந்தவள். நடக்கப் பழகுமுன் சேணத்தில் உட்கார்ந்தவள் என்று சொல்வார்கள். துரையே அவளிடம் யோசனை கேட்பார். சிரிலைத் தாண்ட வைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. குதிரையின் பெயர் கேப்டன். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிழட்டு உடம்பு, ஆனால் கண்ணில் மட்டும் கொழுப்பு குறையவில்லை.

முதலில் மூங்கிலைத் தரையில் போட்டு அதன் மேல் நடக்க வைத்தாள். பிறகு ரப்பர்ப்பால் வாளிகளைக் கவிழ்த்து, மூங்கிலை அதன் மேல் வைத்தாள். முழங்கால் உயரம்கூட இல்லை, கோழி தாண்டிப் போகும். சிரிலுக்கோ அது ஜெராய் மலையாகத் தெரிந்தது. கட்டை நெருங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிவாளத்தை வயிறு வரைக்கும் இழுப்பார். கேப்டன் நின்றுவிடும். சில நாள் குதிரை மட்டும் நிற்கும், சிரில் போய்க்கொண்டே இருப்பார்.

"அண்ணே, போங்கிறீங்களா, நில்லுங்கிறீங்களா?" என்பாள் ரூத். "தாண்டச் சொல்லிட்டு வாயைப் பிடிச்சு இழுத்தா அது என்ன செய்யும் பாவம்? கையை விட்டுக் குடுங்க."

"விட்டுக் குடுத்தா விழுந்துடுவேன்மா."

"இப்ப மட்டும் விழாமலா இருக்கீங்க?"

கட்டையைப் பார்க்காதே, அதற்கு அப்பால் இருக்கிற பால் மரத்தைப் பார் என்றாள். பார்த்தார். பிடரி மயிரைப் பிடித்துக்கொள் என்றாள். அதையும் பிடித்தார், கடிவாளத்தோடு சேர்த்து. ஜூலையும் வந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும் ஆட்கள் கிராணியின் நொண்டல் நடையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தார்கள். சிரிலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பங்களா போனால் போகட்டும், இந்தச் சிரிப்போடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதுதான் அவர் கவலை.

ஒரு நாள் காலை, செத்தாலும் நல்ல மரணமாக இருக்கட்டும் என்று, கட்டைக்குச் சற்று முன்னால் சிரில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். கண்ணைத் திறந்தபோது கட்டை பின்னால் இருந்தது. அவர் இன்னும் குதிரை மேல் இருந்தார்.

"மாதாவே!" என்றார் சிரில்.

ரூத்துக்குச் சங்கதி பளிச்சென்று விளங்கிவிட்டது. சிலுவை போட வலது கை கடிவாளத்தை விட்டதும் குதிரையின் வாய்க்கு விடுதலை கிடைத்தது, அது தாண்டிவிட்டது, அவ்வளவுதான். அவள் லுத்தரன் சபைக்காரி, சிலுவை போடும் பழக்கமில்லாதவள். இருந்தாலும், "நல்லா போடுங்கண்ணே, ஒவ்வொரு கட்டைக்கும் போடுங்க, நிதானமா போடுங்க" என்றாள். கத்தோலிக்கருக்குச் சிலுவை போடக் கற்றுக்கொடுத்த லுத்தரன் கெடா மாநிலத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதற்குப் பிறகு சிரிலுக்கு ஏறுமுகம். மூங்கில் இடுப்பு வரை உயர்ந்தது. நெற்றி, மார்பு, தோள், தோள், அந்தப் பக்கம்! பாதரிடம் சொன்னபோது அவர் பூரித்துப்போய்ப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார். இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. கேப்டனும் பாடம் படித்துக்கொண்டிருந்தது. மேலே இருப்பவன் கை நெற்றிக்குப் போனால் உடனே தாண்ட வேண்டும் என்பது அதன் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கியிருந்தது.

போட்டி நாளன்று திடலில் கூட்டம் நெரிந்தது. அலோர் ஸ்டாரிலிருந்தும் குருணிலிருந்தும் துரைமார் மனைவிமாரோடு வந்திருந்தார்கள். கூடாரத்துக்கு முன்னால் நீளமான மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கேக்கும் தேநீரும் அடுக்கியிருந்தார்கள். குதிரைக்காரர்கள் அதற்கு எதிரே வரிசையாக நின்றார்கள். பெரிய துரை எதையும் ஜெபம் இல்லாமல் தொடங்கமாட்டார். பாதர் நடுவில் வந்து நின்று கையை உயர்த்தினார்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே..."

திடலே சிலுவை போட்டது. சிரிலின் கையும் தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. கேப்டன் பார்த்தது. எதிரே தாண்டுவதற்கு இருந்தது மேசை ஒன்றுதான்.

'பிதா' இந்தப் பக்கம் நடந்தது, 'ஆமென்' அந்தப் பக்கம். நடுவில் இருந்த கேக்குக்கோ கோப்பைகளுக்கோ ஒரு கீறலும் இல்லை. சீமாட்டிகள் வீறிட்டார்கள். சிரில் வாயைத் திறக்க முடியாமல், முகம் கல்லாகி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பயத்தில் இறுகிப்போன முகம் பார்க்கிறவர்களுக்கு மிடுக்காகத் தெரிந்துவிட்டது.

பெரிய துரை ஓடி வந்து அவர் காலைப் பிடித்துக் குலுக்கினார். "மணி அடிக்கறதுக்கு முன்னாலேயே! மேசை மேலேயே! இந்த ஆளுக்குப் பயமே இல்லே லா!"

அடுத்த மாதம் பங்களாவில் திரைச்சீலைகள் ஜன்னலேறின.

ரூத் மட்டும் தனியாக வந்து காதோடு சொன்னாள். "அண்ணே, இனிமே கேப்டன் மேல உக்காந்துகிட்டு கால்வாய்க்குத் தவிர வேற எதுக்கும் நெத்தியத் தொடாதீங்க. எதைத் தாண்டும்னு எனக்கே தெரியாது."

மலை டிவிஷனுக்குப் போகும் பாதையில், திருப்பத்தில் மாதா சொரூபம் வைத்த சின்னக் குகை போன்ற கெபி இருக்கிறது. கத்தோலிக்கன் எவனும் சிலுவை போடாமல் அதைக் கடப்பதில்லை. சைக்கிளில் போகிறவனும் ஒரு கையை எடுப்பான். பால் வாளி தூக்கும் பெண்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டுப் போடுவார்கள். முதல் நாள் காலை சின்னத் துரை சிரில் அந்தத் திருப்பத்துக்கு வந்தார். கை எழும்பியது. கேப்டனின் காதுகள் விறைத்து முன்னால் நீண்டன. கெபியைச் சுற்றி இடுப்பளவுக்கு இரும்பு வேலி. சிரில் பாதி வழியில் கையை நெற்றிக்கு விடாமல் பிடரிப் பக்கம் திருப்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

பார்த்துக்கொண்டிருந்த பால்வெட்டுக்காரி லூர்து மேரி அன்று பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லி முடித்தாள். "மாதாவுக்கு முன்னாடி தொப்பிய எடுக்கல, நல்லா அழுத்தி மாட்டிக்கிறாருடி! பதவி வந்ததும் தலைகால் புரியல."

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். இறங்கிப் போடலாம்தான். ஆனால் இறங்கினால் திரும்ப ஏற ஸ்டூல் வேண்டும். மழைப் பாதையில் ஸ்டூலுக்கு எங்கே போவது? பயம் தெரியாத சின்னத் துரை குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தால் நன்றாகவா இருக்கும்? கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போன ஜெனவீவுக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"என்னங்க, குதிரைக்குப் பயந்துகிட்டு இருந்தப்ப நல்ல மனுஷனா இருந்தீங்களே. இப்ப சாமிக்கும் பயம் விட்டுப் போச்சா?"

சிரிலுக்குத் தாங்கவில்லை. மேசை, கேக், காது, வேலி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அன்றைக்கு எனக்கு உயிரே இல்லை, இன்றைக்கும் பயத்தோடுதான் ஏறுகிறேன் என்றும் சொல்லிவிட்டார். ஜெனவீவ் கண்ணீரோடு சிரித்தாள், சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வேற குதிரை கேக்கலாம்ல?"

"சிலுவை தெரிஞ்ச குதிரை இது ஒண்ணுதான். வேற குதிரை எனக்குத் தாண்டாது."

அவள் ஜன்னலையும் திரைச்சீலையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாதரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்பாள், லயத்துக்கும் அவளே சொல்லிச் சமாதானம் செய்வாள் என்று சிரில் காத்திருந்தார். அப்படி அவள் சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிஷமே பேனாவுக்குத் திரும்பியிருப்பார், சந்தோஷமாகவே.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள் ஜெனவீவ். "கர்வம் பிடிச்சவன்னா பிடிச்சவன்னே இருக்கட்டும். கர்வம் பிடிச்ச துரைக்கு சலாம் போடுவாங்க. பயந்த துரைக்கு யாரு போடுவா?"

எண்பத்தாறில் பணி ஓயும் வரைக்கும் சிரில் துரை கெபியைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைச் சரிசெய்துகொண்டுதான் போனார். துணிச்சல்காரன் என்று தோட்டம் அவரைப் பற்றிப் பேசியது, கர்வி என்றும் பேசியது. அவரிடம் இரண்டுமே இல்லை என்பது வீட்டில் ஒருத்திக்குத் தெரியும், அவளும் வெளியே சொல்லவில்லை.