சாப்பாட்டை வளர்த்துவிட்டு நத்தை வாங்கியவள்

என் ராத்தா பஸ்லினாவோடு சேர்ந்து கடை நடத்த மலையளவு பொறுமை வேண்டும். அக்காவை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். பொறுமை என்னிடம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்கள் வளர்ப்பு மீன்கடைக்கு யாராவது வந்தால் நான் "வாங்க, வாங்க" என்பேன். ராத்தாவோ, "இதுக்கு என்னத்த திங்கக் குடுப்பீங்க?" என்று விசாரணையைத் தொடங்கிவிடுவாள். ஒருநாள் ஒரு மனிதர் "பாண் துண்டு" என்று சொல்லித் தொலைத்தார். மீன் இல்லையென்று அவரை அனுப்பிவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கண்டியில் கடல் ஏது? தண்ணீரில் கடலுப்புத் தூளைக் கலக்கி நாமேதான் கடலை உண்டாக்க வேண்டும். டவுனில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் ராத்தா அப்படி ஒரு பெரிய தொட்டியை அமைத்தாள். உயிருள்ள பவளம், செம்மஞ்சள் மீன்கள், பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. இந்த மலைநாட்டில் இதெல்லாம் சரிவராது என்று சொன்னவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்ததென்றால் அது அந்தத் தொட்டியால்தான்.

அந்தத் தொட்டிக்குத்தான் முசீபத்து வந்தது. கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பழுப்பு நிறக் கடற்பூ. பூ என்றுதான் பெயர். உண்மையில் கொட்டுகிற உயிர். பக்கத்தில் இருந்த பவளத்தை எல்லாம் கொட்டிச் சாகடித்தது. பிய்த்து எடுத்தால் விழுந்த துண்டெல்லாம் புதிதாக முளைத்தது. பெரஹரா யானை ஊர்வலத்துக்கு ஆட்கள் வருமுன் தொட்டி சுத்தமாக வேண்டும், இல்லாவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் டீவி வைப்பேன் என்று ஹோட்டல் முதலாளி சொல்லிவிட்டார். ராத்தா அன்று சோறு தின்னவில்லை.

நீர்கொழும்பிலிருந்து கடல்மீன் கொண்டுவரும் பாயிஸ் நானா அந்தக் கிழமையே ஒரு கடல் நத்தையோடு வந்தார். ஓடு இல்லாத நத்தை. நீல உடம்பில் மஞ்சள் கோடு. நகைக்கடையில் வைக்கலாம், அவ்வளவு அழகு.

"தங்கச்சி, இத வுட்டா கல்லுல ஈக்கிற எல்லாத்தையும் தின்னு தீத்துரும்" என்றார்.

"என்னத்த தின்னும் எண்டு சரியாச் செல்லுங்க நானா."

"அதான் செல்றனே, எல்லாத்தையும்!"

ராத்தா போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். ஏதேதோ படித்தாள், யார் யாருக்கோ படம் அனுப்பிக் கேட்டாள். பின்னேரம் எழுந்து வந்து, "இது ஒரே ஒரு சாதிக் கடற்பஞ்ச மட்டும்தான் தின்னும். அது நம்மட்ட இல்ல. வாங்கினா பட்டினில மௌத்தாப் போகும்" என்றாள். பாயிஸ் நானா கோபத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஹோட்டலுக்குப் போனார். முதலாளி அழகில் மயங்கி வாங்கிவிட்டார்.

ஹோட்டல் மேலாளர் லெட்சுமணன் கலஹாப் பக்கம் பிறந்தவர். அங்கே மரக்கறித் தோட்டங்களில் ஓடில்லாத நத்தை கோவாவை, அதாவது முட்டைக்கோசை, தின்று நாசமாக்குவதைப் பார்த்து வளர்ந்தவர். நத்தைதானே என்று தினமும் காலையில் ஒரு கோவா இலையைத் தொட்டிக்குள் போட்டிருக்கிறார், பாவம். நத்தை இலையை மோந்துகூடப் பார்க்கவில்லை. சுருங்கிச் செத்தது. இலை அழுகித் தண்ணீர் நாறி, நாலைந்து மீனும் மிதந்தன. முதலாளி டீவிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"பெரஹரா வரைக்கும்தானே தவண? அதுவரைக்கும் தொட வேணாம் எண்டு செல்லுங்க" என்று லெட்சுமணனிடம் கெஞ்சினாள் ராத்தா. என் ராத்தா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவரும் முதலாளியிடம் பேசி அதுவரை பொறுக்கச் சம்மதம் வாங்கினார்.

அந்தப் பழுப்புப் பூவைத் தவிர வேறெதையும் தின்னாத குட்டி நத்தை ஒன்று உண்டு என்பதை அவள் அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். கொழும்பில் ஒருவர் அதை வளர்க்கிறாராம். "அப்ப நாளைக்கே வாங்குவமே!" என்று குதித்தேன். அவள் அசையவில்லை. ஹோட்டலுக்குப் போய் அந்தப் பூக்கள் ஒட்டிய கல்லை எடுத்து வந்து, வீட்டில் ஊறுகாய் போத்தல்களில் கடல்நீர் ஊற்றி அந்தச் சனியனை வளர்க்கத் தொடங்கினாள்! அதற்கு இறால் வேறு நறுக்கிப் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? ஊரே அத ஒழிக்கப் பாக்குது, நீ இறால் ஊட்டி வளக்கிறியே!" என்று கத்தினேன்.

"ஸனா, விருந்துக்குக் கூப்பிட்டுட்டா அடுப்ப மூட்டுவாங்க? வாங்கக் கிடைக்கிறது கொஞ்சம். அந்தத் தொட்டிக்குக் காணாது. இங்க தின்னு பெருகினாத்தான் அங்க வுட ஏலும்."

போத்தலெல்லாம் பூ நிறைந்த பிறகுதான் நத்தைகளை வரவழைத்தாள். நகத்தளவுகூட இல்லை. இதற்காகவா இவ்வளவு பாடு என்று எனக்கு அழுகை வந்தது. மறுநாள் காலையில் ராத்தா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் போத்தலைக் காட்டினாள். கலியாண வீட்டில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறுபேர் உட்கார்ந்து சாப்பிடுவோமே, அதேபோல ஒரு பூவைச் சுற்றி நத்தைகள் தலையை உள்ளே விட்டு மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தன. கொஞ்ச நாளில் கண்ணாடியில் வெள்ளை நூலைச் சுருட்டி ஒட்டியதுபோல் முட்டைகள். பிறகு குஞ்சுகள், எண்ண முடியாத குஞ்சுகள். அவை கொஞ்சம் வளர்ந்ததும் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டோம். உள்ளே விட்டதும் ஒன்றையும் காணவில்லை. முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பெரஹராவுக்குக் கிட்டத்தில் ஒரு காலை லெட்சுமணன் போனில் அலறினார். "மிஸ், ஓடி வாங்க! ஒரு பூவையும் காணோம்! கல்லு மட்டுந்தாங்க இருக்கு!"

ஆட்டோவில் பறந்தோம். ராத்தா டோர்ச் அடித்து ஒவ்வொரு கல்லின் பின்னாலும் தேடினாள். ஒன்றுமில்லை! பட்டுப்போன பவளத்தின் ஓரத்தில் புதுத் தளிர் விட்டிருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வெட்கம் கெட்டுக் கைதட்டிக் கூவினேன். முதலாளி கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு லெட்சுமணனைக் கூப்பிட்டு, டீவியைக் கடைக்கே திருப்பி அனுப்பச் சொன்னார்.

அதற்குள் ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி இங்கே தின்ன எதுவும் இல்லையென்று நத்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போத்தலில் போட ஆரம்பித்திருந்தாள். வீட்டில் வேறு போத்தல்களில் அவற்றுக்குச் சாப்பாடு தயாராக வளர்ந்துகொண்டிருந்தது.

சும்மா சொல்லவில்லை, அந்த வருஷம் அந்த ஹோட்டலில் தங்கிய கூட்டம் எங்கள் தொட்டியைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் யானையைப் பார்க்கவே போனது.