செருப்புக்குள் ஐஸ் கட்டி

குழந்தைகள் காப்பகத்தில் அவளைத் தெர்மாமீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. தொட்டியில் விரலை விட்டால் போதும், தண்ணீரின் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். புதிதாகச் சேர்ந்த ஆயா பயந்து பயந்து முழங்கையை முக்கிப் பார்த்தால், "தண்ணிய இடிச்சுத் தள்ளப் போறியா?" என்று மானத்தை வாங்குவாள்.

அவளுக்கு வாய்த்தவர் பஸ் கண்டக்டர். தினம் யாரையாவது சீண்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. அன்று காலை அவள் செருப்பில் ஐஸ் கட்டியைப் போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவள் செருப்பை மாட்டினாள். வாசல்வரை நடந்தாள்.

"ஏங்க, செருப்புல ஏதோ கல்லு. எடுங்களேன்."

"கல்லா? ஜில்லுனு இல்ல?"

"கல்லு எதுக்கு ஜில்லுனு இருக்கணும்?"

சிரிக்கத் தயாராக இருந்த முகம் தொங்கிப்போனது. கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா பாதத்தைப் பஞ்சால் வருடினார், தெரிந்தது. சூடான கண்ணாடிக் குழாய், குளிர்ந்த குழாய் என்று மாற்றி மாற்றி வைத்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. விரல் நுனியிலும் அதே கதை.

"நரம்பு இழை எல்லாம் ஒரே ரகம் இல்லம்மா. தடியான இழைக்கு மேல கொழுப்பு உறை இருக்கு. உறைக்கு நடுவுல இடைவெளி. சேதி அதுல தாவித் தாவி ஓடும். தொடுறது, அழுத்துறது அதுல வருது. மெல்லிசு இழைக்கு உறையே இருக்காது, இல்ல பேருக்கு இருக்கும். சூடு, குளிர், எரிச்சல் எல்லாம் அதுலதான். உங்க சர்க்கரை வியாதி மெல்லிச முதல்ல பிடிச்சிருக்கு."

"அப்ப தடியானது எக்ஸ்பிரஸ்," என்றார் கண்டக்டர். "கொழுப்பு இருக்கிறவன் முந்துறது உள்ளேயும் இப்படித்தானா?" யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"நீளமான இழை முதல்ல கெடும். அதான் பாதம், அப்புறம் விரல். முழங்கை இன்னும் நல்லா இருக்கு."

வீடு திரும்பும்போது அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளாகவே குழந்தைகள் தொட்டியில் இறங்கியதும் வீரிட்டன. பசி என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். எல்லாரும் நம்பினார்கள், தெர்மாமீட்டர் பொய் சொல்லுமா?

மறுநாள் தண்ணீர் விளாவினாள். விரலை விட்டாள். 'சரி' என்றது விரல். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முழங்கையை முக்கினாள். சுரீரென்று கை தானாகவே வெளியே வந்துவிட்டது. குழந்தை புது ஆயாவின் தோளில், கைமுஷ்டியைச் சப்பிக்கொண்டு காத்திருந்தது.

"இங்க வாடி. நீ தொட்டுப் பாரு."

"நீங்க பாத்தா போதாதாக்கா?"

"போதாது. என் விரலுக்குச் சூடு தெரியல. இனிமே தண்ணி உன் பொறுப்பு."

புது ஆயா கிண்டலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. பச்சைத் தண்ணீரை ஊற்றி, முழங்கையால் பார்த்து, தலையாட்டினாள். குழந்தை அழவில்லை.

துவட்டுவதற்கு மட்டும் தெர்மாமீட்டர் அக்கா கை நீட்டினாள். துண்டுக்குள் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். சுண்டுவிரலில் ஒரு தலைமுடி இறுகச் சுற்றியிருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை, விரலுக்குத்தான் தட்டுப்பட்டது. அதை அவிழ்த்துப் போட்டாள்.

எக்ஸ்பிரஸ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.